பெருநாளுக்கு முதல்நாள் ஓவன் கழுவுகிறவர்களுக்கு

நோன்பு இருபத்தைந்தைத் தாண்டினால் எங்கள் கரையோர ஊர்களில் வீடு கழுவும் படலம் தொடங்கிவிடும். மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரைக்கும் இதே கதைதான். திரைச்சீலை இறங்கும், சுவருக்குப் பெயின்ட் ஏறும். கடைசியில் வருடம் முழுக்க யாரும் குனிந்து பார்க்காத ஓவனைத் திறப்பார்கள். போன பெருநாள் கேக்கின் கரியும் அதற்கு முந்திய கோழியின் நெய்யும் உள்ளே ஓடாக இறுகிக் கிடக்கும். மறுநாள் கேக் போட்டாக வேண்டும். அப்போதுதான் யாராவது ஹாட்வெயார் கடைக்கு ஆள் அனுப்புகிறார்கள்.

போன வருடம் எனக்கு மருமகள் முறையான ஒரு பிள்ளையின் குசினியில் நின்றேன். மேசையில் ஒரு லீற்றர் தண்ணிப் போத்தல், நீல மூடி, லேபிள்கூடக் கிழியவில்லை. உள்ளே இருந்தது தண்ணீரைப் போலவே தெளிவாக இருந்தது. போத்தலைத் தொட்டேன், லேசான சூடு.

“இது என்ன மகள்?”

“ஓவனுக்கு மாமா. கோஸ்டிக் சோடா கரைச்சி வெச்சிருக்கன்.”

“போத்தல்ல பேர் எழுதல்லயா?”

“எழுதாட்டி என்ன, எங்களுக்குத் தெரியும்தானே.”

அந்த வீட்டில் தெரிந்தவர்கள் மூன்று பேர். தெரியாதவனுக்கு நான்கு வயது. அவன் அப்போது மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இதே போத்தலை நான் இதற்கு முன்பும் பல குசினிகளில் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் தேசிக்காய்ச் சர்பத் போத்தலுக்குப் பக்கத்தில் நின்றது.

கோஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ரொக்சைட். கடையில் ஷொப்பிங் பேக்கில் நிறுத்துத் தருகிற வெள்ளைச் செதில்தான் அது. ஓவனில் ஒட்டிய நெய்யைச் சவர்க்காரமாக்கிக் கழற்றிவிடும். அந்த வேலையை மனிதத் தோலிலும் கண்ணிலும் தொண்டையிலும் அதே சுறுசுறுப்போடு செய்யும். தண்ணீரில் போட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். செதிலின் மேல் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அலுமினியத் தட்டில் பட்டால் தட்டை அரிப்பதோடு தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவையும் கிளப்பும். எங்கள் வீட்டுக் கேக் தட்டுகளில் பாதி அலுமினியம்தான். பொதியில் பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை, கையுறை போடச் சொல்ல ஆளும் இல்லை. இப்படி நிறுத்து விற்பதை எந்த அதிகாரி பார்த்துத் தடுத்தார் என்று கேட்டால், பெருநாள் லீவு முடிந்து வாருங்கள் என்பார்கள் போலிருக்கிறது.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு. ஒன்றால் போகவில்லை என்றால் இன்னொன்றை அதன் மேலேயே ஊற்றுவது. மலசலகூடம் கழுவும் அசிட்டையும் குளோரின் பிளீச்சையும் சேர்த்தால் குளோரின் வாயு வரும். சிறிய குசினியில், கதவைச் சாத்திக்கொண்டு, நோன்பும் பிடித்துக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சேர்க்கக் கூடாது. ஒரு துளிகூடச் சேர்க்கக் கூடாது.

பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதைப் பொறுமையாக வாசியுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவ வேண்டும். இரண்டு நிமிடம் போதாது, மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். தோலில் பட்டால் நனைந்த உடுப்பைக் கழற்றிவிட்டு அதே போல் தண்ணீர். பற்பசை பூசாதீர்கள். காரத்துக்குப் புளி என்று சொல்லித் தேசிக்காய் பிழியாதீர்கள். இரண்டும் சேரும்போது வரும் சூடு புண்ணை இன்னும் கெடுக்கும். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும். வாயை மட்டும் கழுவிவிட்டு 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. இல்லாவிட்டால் கிட்ட உள்ள வாகனத்தில் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ ஓடுங்கள். அந்தப் போத்தலையும் பொதியையும் கையோடு கொண்டுபோங்கள். என்ன குடித்தான் என்று தெரியாமல் டொக்டர் நேரம் இழப்பது அங்கேதான். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, தொலைபேசி 011 2686143. இந்த இலக்கத்தைக் குசினிக் கதவில் பென்சிலால் எழுதுங்கள். போனில் சேமித்தால் அவசரத்துக்குப் போன் வேறு ஆளின் சட்டைப் பையில் இருக்கும்.

சரி, கோஸ்டிக் இல்லாமல் ஓவன் சுத்தமாகுமா? ஆகும். ஒரு இரவு வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் முதல்நாளைக்கு வைக்காதீர்கள் என்கிறேன்.

மின் ஓவன் என்றால் பிளக்கைச் சுவரிலிருந்தே கழற்றுங்கள். கேஸ் ஓவன் என்றால் சிலிண்டரில் ரெகுலேட்டரை மூடுங்கள். தட்டுகளையும் கம்பி ராக்கையையும் எடுத்துப் பெரிய பேசனில் சுடுதண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு ஊறப் போடுங்கள். அரைக் கோப்பை அப்பச் சோடாவில் சில மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுத் தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்து, உள்சுவரிலும் அடியிலும் பூசுங்கள். மின் ஓவனின் சூடாகும் கம்பியிலும், கேஸ் ஓவனின் பர்னர் துவாரத்திலும், கதவைச் சுற்றி ஓடும் ரப்பரிலும் படக் கூடாது. இரவு முழுக்க விடுங்கள். காலையில் பசை கபில நிறமாகியிருக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, ஈரத் துணியால் துடைத்து, மிச்சமிருக்கும் வெள்ளைப் படிவின் மேல் கொஞ்சம் வினாகிரி தெளியுங்கள். நுரைத்துக்கொண்டு வரும், துடையுங்கள். வினாகிரியையும் அப்பச் சோடாவையும் முதலிலேயே போத்தலில் கலந்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நுரை பார்க்க அழகுதான், ஆனால் ஒன்றை ஒன்று முறித்து மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். கண்ணாடி ஆறிய பின்புதான் தண்ணீர் படவேண்டும், சூட்டில் பட்டால் வெடிக்கும். எல்லாம் காய்ந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு வெறும் ஓவனை இருபது நிமிடம் எரிய விடுங்கள்.

சுத்தமாகவே வைத்துக்கொள்ள வழி கேட்கிறீர்களா? கேக் பொங்கி வழிந்தால் அந்த இடத்தில் சூட்டோடு உப்பைத் தூவிவிட்டு, ஆறியதும் சுரண்டி எடுங்கள். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பு இருக்கும்போதே ஈரத் துணி போட்டுத் துடையுங்கள், இரண்டு நிமிட வேலை. கோழி சுடும்போது கீழ்த் தட்டில் ஒரு தட்டை வைத்து நெய்யை அதில் பிடியுங்கள். ஓவனின் அடியில் அலுமினியத் தாள் விரிப்பது மட்டும் வேண்டாம். கேஸ் ஓவனில் அது காற்றுத் துவாரத்தை அடைக்கும். காற்றுக் குறைந்தால் நீலச் சுவாலை மஞ்சளாகும், சட்டியில் கரி பிடிக்கும், கார்பன் மொனொக்சைட் வரும். அதற்கு மணம் இல்லை.

எங்கள் ஊருக்கென்றே இன்னொரு எதிரி இருக்கிறது, கடல் காற்று. பர்னர், திருகு, குழாயை இறுக்கும் கிளிப் எல்லாவற்றையும் உப்பு தின்கிறது. 2022இல் கேஸுக்கு வரிசையில் நின்று சலித்து, விறகுக்குத் திரும்பிய வீடுகளில் ஓவன் சட்டி அடுக்கும் அலுமாரியானது. பின்னால் எலி குடியேறியது. அப்படிக் கிடந்த ஓவனைப் பெருநாளுக்கென்று பற்றவைக்கிறவர்கள் முதலில் குழாயை விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த தழும்பு கண்ணுக்குப் படாது, விரலுக்குப் படும். இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி வந்தால் கசிவு. குழாயை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், எஸ்.எல்.எஸ். இலச்சினை பார்த்து வாங்குங்கள். சவூதியிலிருந்து பெட்டியில் வந்த குக்கர் என்றால் அதோடு வந்த ரெகுலேட்டர் இங்குள்ள சிலிண்டருக்குப் பொருந்தாமல் போகலாம். டேப் சுற்றிப் பொருத்துகிற மெக்கானிக்குக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பற்றவைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். முதலில் நெருப்புக்குச்சி, பிறகுதான் திருகு. முதல் தடவை பற்றாவிட்டால் திருகை மூடிவிட்டு ஐந்து நிமிடம் கதவைத் திறந்தே விடுங்கள். கேஸ் காற்றைவிடப் பாரமானது, தரையில்தான் தங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் போகாது, வாசல் கதவைத் திறக்க வேண்டும். கேஸ் மணக்கும்போது லைட் சுவிட்சைத் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்கக் கேஸ் அடுப்புகள் வெடித்ததும், குழு நியமித்ததும், சிலிண்டருக்குள் இருக்கும் கலவையின் விகிதம் பேச்சானதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது வீட்டுக்கு வீடு நுரை பூசிப் பார்த்தோம். இப்போது யார் பார்க்கிறார்கள்?

இனி காசு விடயம். வாங்கி இரண்டு மாதத்தில் கதவுக் கண்ணாடி வெடித்தது, தொட்டால் கரண்ட் அடிக்கிறது என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி பில் எங்கே என்பதுதான். “தெரிஞ்ச காக்காட கடை, பில் கேட்டா மரியாத இல்ல” என்பார்கள். கேட்டால் பில் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, தரத்துக்கோ கடைக்காரர் தந்த உத்தரவாதத்துக்கோ பொருந்தாத பொருள் பற்றி முறையிடலாம். விசாரித்தபின் நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றித் தரவோ காசைத் திருப்பவோ அதிகாரசபை உத்தரவிடலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்ற நாளிலிருந்து 3 மாதத்துக்குள் போக வேண்டும். 3 மாதம். கடைக்காரர் “அடுத்த கிழமை வாங்க” என்று சொல்லிச் சொல்லிக் கடத்துவது இந்த 3 மாதத்தைத்தான்.

கடிதத்தில் உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், முகவரி, வாங்கிய திகதி, விலை, ஓவனின் பின்பக்கத் தகட்டிலுள்ள மொடல் இலக்கம், தொடர் இலக்கம், பிழை தெரிந்த நாள், கடைக்குப் போன நாட்கள், அவர் சொன்ன பதில், உங்களுக்கு என்ன வேண்டும் என்பது, எல்லாம் இருக்கட்டும். பில்லினதும் வொரண்டி காட்டினதும் பிரதியை இணையுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். தகட்டைப் போட்டோ எடுங்கள். உப்புக் காற்றில் அந்த எழுத்து அழிந்துவிடும். வாங்கிய அன்றே பில்லையும் போட்டோ எடுங்கள், மெஷின் பில்லின் மை ஆறு மாதத்தில் வெளுத்துப்போகும்.

அதிகாரசபையின் மாவட்ட அலுவலகம் அம்பாறைக் கச்சேரியில் இருக்கிறது. கல்முனையிலிருந்து சம்மாந்துறை வழியாக பஸ் ஏறிப் போய், உரியவர் ஃபீல்டுக்குப் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்பி வருகிற பயணம் அது. அதனால் முதலில் 1977க்கு அழைத்துச் சொல்லுங்கள். அழைத்ததோடு நிற்காதீர்கள், கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதுங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு உரிமை தருகிறது. “சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாங்க” என்று யாராவது சொன்னால் சொன்னவரின் பெயரையும் பதவியையும் குறித்துக்கொண்டு அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

கேக் செய்து விற்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விற்கத் தொடங்கிவிட்டால் உங்கள் ஓவன் வீட்டுச் சாமான் மட்டுமல்ல, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் வருகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பிடிக்கும்வரை இருக்காமல், நீங்களே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் என்ன பதிவு வேண்டும் என்று கேளுங்கள். கோஸ்டிக் போட்டுக் கழுவிவிட்டு அரைகுறையாகத் துடைத்த ஓவனில் ஊராருக்குக் கேக் போடுவதை நினைத்துப் பாருங்கள்.

பதிவுத் தபால் துண்டைப் பில்லோடு சேர்த்துக் குத்தி வைத்துவிட்டீர்களா? அப்படியானால் குசினிக்குப் போய் அந்த நீல மூடிப் போத்தலைப் பாருங்கள், பெயர் எழுதியிருக்கிறதா என்று.