சுண்டு விரல் மரத்துப்போகுதா? உங்க நரம்பு என்ன சொல்லுதுன்னு கேளுங்க!

ராத்திரி பதினோரு மணி. ஒருக்களிச்சுப் படுத்து, முழங்கையை மடக்கி, மூஞ்சிக்கு நேரா போனைப் பிடிச்சுக்கிட்டு ரீல்ஸ் தள்ளிட்டிருக்கீங்க. கொஞ்ச நேரத்துல சுண்டு விரலும் பக்கத்து மோதிர விரலும் மட்டும் மரத்துப்போகுது. கையை உதறினா எறும்பு ஊர்ற மாதிரி ஜிவ்வுனு இருக்கு. 'ரத்த ஓட்டம் நின்னுடுச்சு போல' என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுகிறோம்.

ரத்த ஓட்டம்தான் காரணம் என்றால் மற்ற விரல்களும் மரத்திருக்கணுமே? சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் ஒரே நரம்புதான் தொடு உணர்வைக் கொடுக்கிறது. அதன் பெயர் அல்நார். கழுத்துப் பகுதியில் தொடங்கி, முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பள்ளம் வழியாகக் கைக்கு வருகிறது. அந்த இடத்தில் அதை மூடிப் பாதுகாக்கப் பெரிதாகச் சதை கிடையாது. கதவில் முழங்கை இடிச்சா 'சுர்ர்'னு ஷாக் அடிக்குமே, அதுவும் இவர் வேலைதான். முழங்கையை ரொம்ப நேரம் மடக்கியே வெச்சிருந்தா இந்த நரம்பு இழுபட்டு நசுங்கும். கையை நீட்டுங்க, சரியாயிடும். நீட்டின பிறகும் மரப்பு போகலைன்னாலோ, பிடி தளர்ந்து பொருள் கை நழுவ ஆரம்பிச்சாலோ டாக்டரைப் பார்த்துடுங்க.

மூளையிலிருந்து 12 ஜோடி, தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி. உடம்பு முழுக்கக் கிளைபிரியும் இந்தப் புற நரம்புகளைப் பாடப் புத்தகப் படத்தில் மனப்பாடம் செய்வதைவிட, நம்ம உடம்புலயே தேடிப் பார்க்கிறது சுலபம்.

கட்டில் காலில் கால் விரலை இடிச்சுக்கிட்டது ஞாபகம் இருக்கா? 'ஐயோ, இடிச்சுட்டோம்'னு முதல்ல தெரியும். அந்த உயிர் போற வலி ஒரு கணம் கழிச்சுத்தான் வரும். காரணம், தொடு உணர்வைச் சுமக்கும் நரம்பிழைகள் தடிமனானவை. மேலே கொழுப்பு உறை வேறு. செய்தி விநாடிக்கு சுமார் 50 மீட்டர் வேகத்தில் பறக்கும். மந்தமான வலியைச் சுமப்பவை மெல்லிய, உறையில்லாத இழைகள். விநாடிக்கு ஒரு மீட்டர்தான். பைபாஸில் பைக்கும் சந்தில் மாட்டு வண்டியும் மாதிரி. இடிச்ச இடத்தை நாம தானாகவே தேய்க்கிறோமே, அதுக்கும் காரணம் இருக்கு. தேய்க்கும்போது போகும் தொடு செய்தி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அம்மாக்கள் அதுக்கு ரொம்ப முன்னாடியே தேய்ச்சுவிட ஆரம்பிச்சிட்டாங்க!

புலன்களுக்கு வருவோம். நமக்கு அறுசுவையில் காரமும் ஒன்று. ஆனா நரம்பு கணக்குல காரம் சுவையே இல்லை, சூடும் வலியும்தான். நம்பலையா? மிளகாய் நறுக்கின கையால கண்ணைக் கசக்கினவங்களைக் கேளுங்க. கண்ணுல நாக்கா இருக்கு? மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டை உணரும் வாங்கியைத் தட்டி எழுப்புகிறது. அதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதுல எல்லாமே பழுதானா சரியாயிடுமா? இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. அறுபட்ட புற நரம்பு, தைத்துச் சேர்த்தால் நாளுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கையில் அறுபட்டது 30 சென்டிமீட்டர் தாண்டிக் கையை எட்டவே பத்து மாசம் ஆகும். ஆனாலும் வளரும். நாக்கின் சுவைச் செல்கள் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுசாகும். மூக்கின் மணம் அறியும் நரம்புகளும் புதுப்பிக்கப்படும்.

காது? ஒவ்வொரு காதுக்குள்ளும் சுமார் 15,000 முடிச் செல்கள் இருக்கு. ஒலி அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுவது இவைதான். இவை செத்தா மறுபடி முளைக்காது. கோழிக்குக்கூட முளைக்கும்; மனுஷனுக்கு முளைக்காது. (இதைப் படிச்ச அன்னிக்குத்தான் நான் என் இயர்போன் வால்யூமைக் குறைச்சேன்.)

80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலை மீறிப் பாட்டு கேட்கணும்னு வால்யூமை ஏத்துறோம் பாருங்க, அந்தப் பழக்கம்தான் ஆபத்து. கச்சேரி முடிஞ்சு வந்த ராத்திரி காதுக்குள் 'கீ...'னு சத்தம் வந்தா, அந்தச் செல்கள் அடி வாங்கியிருக்குனு அர்த்தம். திடீரென ஒரு காது மட்டும் கேட்காமப் போனா 'சளியா இருக்கும்'னு காத்திருக்காதீங்க. அன்னிக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. சிகிச்சை தள்ளிப்போகப் போக, கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பும் குறையும்.

நிறைய போன்களில் ஹெட்போன் சத்த அளவுக்கு ஒரு வரம்பு வைக்கிற வசதி செட்டிங்ஸிலேயே இருக்கு. இதைப் படிச்சு முடிச்ச கையோட, அதைத் தேடிப் பாருங்களேன்.