பாரிஸ் பாணும் எங்கள் அப்ப மாவும்

சமையல் படிக்கப் பிரான்சுக்குப் போக ஆசை என்றதும் உம்மா கேட்டது, "அங்க போய் நீ எதைத் தின்னுவாய் மகள்?" என்றுதான். நியாயமான கேள்வி. அவர்கள் இறைச்சி சமைக்கும்போதும் வைன் ஊற்றுவார்கள். வாப்பா ஒன்றும் பேசவில்லை. அது இன்னும் கஷ்டம்.

ஆனால் பிரெஞ்சுக்காரரின் அன்றாடச் சாப்பாடு பாண். 'பகெத்' என்ற நீளப் பாண். பாரம்பரியப் பாணுக்கு 1993 இல் சட்டமே போட்டார்கள்: கோதுமை மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மா. செயற்கைச் சேர்மானம் கூடாது. மாவை உறைய வைக்கவும் கூடாது. பகெத் செய்யும் கைத்திறனை 2022 இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

அடுத்த ஆண்டு பாரிஸின் சிறந்த பகெத்துக்கான பரிசை வென்றவர் நம் நாட்டில் பிறந்த தர்ஷன் செல்வராஜா. 2006 இல் பிரான்சுக்குப் போனவர். பரிசு 4000 யூரோ. கூடவே ஓராண்டுக்கு ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் வாய்ப்பு. அவருடைய கடைப் பெயரில் 'லெவான்' என்றொரு சொல் உண்டு. புளித்த மா என்று அர்த்தம்.

நேற்றைய மாவில் ஒரு பிடி மிச்சம் வைத்து இன்றைய மாவைப் பொங்க வைப்பதே லெவான். அதிலுள்ள நுண்ணுயிர்கள் மாவின் சீனியைத் தின்று வாயுவை விடுகின்றன. பாணிலுள்ள துளைகள் அவைதான். ஆறுதலாகப் புளித்தால்தான் மணம். ஈஸ்டை அள்ளிப் போட்டால் பொங்கும், ருசி இராது.

உம்மா அப்பத்துக்குக் கரைக்கும்போது பழைய மா கொஞ்சம் சேர்ப்பதும் இதற்குத்தான். மாரியில் வாவிக்காற்று குளிர்ந்தால் இன்னும் கூடுதல் நேரம் மூடி வைப்பார்.

இதைச் சொன்னபோது உம்மா சட்டியைத் திறந்து மாவைப் பார்த்தார்.

"வாப்பாட்ட நீயே கேள்" என்றார்.