நடைமுறை இறையியலில் டாக்டர் பட்டம்: அதற்கு என்ன படித்திருக்க வேண்டும்?

மருத்துவம், பொறியியல், சி.ஏ. என்றால் எத்தனை ஆண்டு, என்ன பாடம், எங்கே வேலை என்பதெல்லாம் நம் குடும்பங்களுக்கு மனப்பாடம். அதே வீட்டில் ஒரு பெண்ணோ பையனோ, “நடைமுறை இறையியலில் ஆய்வு செய்யப் போகிறேன்” என்றால் பெரியவர்கள் விழிக்கிறார்கள். “ஜெபம் பண்ண டாக்டர் பட்டம் எதற்கு?” என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. எனவே இப்படிப்பின் ஏணிப்படிகளைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

கல்கத்தாவில் வாழும் நமக்கு இதன் தொடக்கம் வெகு அருகில் இருக்கிறது. ஹௌராவிலிருந்து சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள செராம்பூரில், கேரி, மார்ஷ்மன், வார்டு என்ற மூவர் 1818-ல் ஒரு கல்லூரியைத் தொடங்கினர். செராம்பூர் அப்போது நம் தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ்காரர் வசம் இருந்தது. டென்மார்க் மன்னர் 1827-ல் அளித்த சாசனத்தால் அக்கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் தோன்றியது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1857-ல்தான். 1845-ல் இரண்டு ஊர்களும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் சாசன உரிமை காப்பாற்றப்பட்டது. 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. இன்று இந்தியாவெங்கும் பல இறையியல் கல்லூரிகள் செராம்பூர் செனட்டுடன் இணைந்துள்ளன. பெங்களூரின் ஐக்கிய இறையியல் கல்லூரி, சென்னையின் குருகுல், மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியவை நம்மவர் பலர் அறிந்தவை.

இனி ஏணிக்கு வருவோம். முதலில் ஏதாவது ஒரு பட்டம்: பி.ஏ., பி.எஸ்ஸி., நர்சிங், பொறியியல் எதுவாகவும் இருக்கலாம். அடுத்து பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி. பட்டதாரிகளுக்கு இது பொதுவாக நான்கு ஆண்டுப் படிப்பு. வேதாகமம், அதன் மூலமொழிகளான எபிரேயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், சமுதாய ஆய்வு ஆகியவை இதில் அடங்கும். அதன்பின் ஒரு துறையை எடுத்துக்கொண்டு இரண்டாண்டு மாஸ்டர் ஆஃப் தியாலஜி. மூன்றாண்டுப் பட்டம் ஒன்றிலிருந்து கூட்டினால் பள்ளி இறுதிக்குப் பின் ஒன்பது ஆண்டுகள். முனைவர் பட்ட ஆய்வு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். இடையில் சபைப் பணியிலோ ஆசிரியப் பணியிலோ சில ஆண்டுகள் கழித்துவிட்டு வருபவர்களும் பலர்.

இவ்வளவு படித்தவர் ஆராய்வது என்ன? ஜெர்மானிய அறிஞர் ஷ்லயர்மாகர் 1811-ல் வெளியிட்ட சிறு நூலில் இறையியலை மூன்றாகப் பிரித்து, நடைமுறை இறையியலுக்கும் அதில் தனி இடம் தந்தார். அமெரிக்காவில் ஆண்டன் பாய்சன் என்ற போதகர், தாமே மனநோயால் அவதிப்பட்டு மீண்டவர், 1925-ல் இறையியல் மாணவர்களை மனநல மருத்துவமனையில் பயிற்றுவித்தார். நோயாளியையே ஒரு நூலைப்போல ஊன்றிப் படிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே இத்துறை மாணவருக்கு வேதநூல் அறிவு மட்டும் போதாது. உளவியல், சமூகவியல், நேர்காணல் முறை, களஆய்வு ஆகியவையும் வேண்டும்.

ரிச்சர்ட் ஆஸ்மர் என்பவர் 2008-ல் எழுதிய பாடநூல் இத்துறைக்கு நான்கு கேள்விகளைத் தருகிறது. என்ன நடக்கிறது? ஏன் நடக்கிறது? எது நடக்க வேண்டும்? நாம் என்ன செய்யலாம்? ரயில்வேயில் காலம் கழித்த எனக்கு இவை பழக்கமானவையாகத் தோன்றின. வண்டி தடம் புரண்டால் விசாரணையும் இதே வரிசையில்தான் செல்லும். முதலில் தண்டவாளத்தை அளந்து பார்க்காமல் காரணம் எழுதக் கூடாது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிள்ளைகள் வெளியூர் போனபின் ஊரில் தனித்திருக்கும் பெற்றோரைச் சபை எவ்வாறு கவனிக்கிறது? ஆய்வாளர் வீடு வீடாகச் சென்று அவர்கள் சொல்வதைக் கேட்பார். தனிமைக்குக் காரணம் உடல்நலமா, பணமா, உறவா என்று ஆராய்வார். முதியோரைப் பேணுவதுபற்றி வேதம் சொல்வதோடு ஒப்பிடுவார். பின் சபை செய்யக்கூடியதை வகுத்துத் தருவார். இது கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. ஊரில் அப்பா அம்மாவை விட்டு வந்த நம் எல்லோருடைய வீட்டுக் கேள்வியும் இதுதான்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கையும் அவசியம். காசு கொடுத்தால் சில மாதங்களில் ‘டாக்டர்’ பட்டம் தரும் நிறுவனங்கள் இத்துறையில் தாராளம். எனவே கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் அல்லது செனட்டுடன் இணைந்தது, வழிகாட்டி யார், களஆய்வு உண்டா என்று விசாரியுங்கள். டி.டிஎச். வேறு, பிஎச்.டி. வேறு. பிஎச்.டி.தான் தேவை என்றால் சென்னைப் பல்கலைக்கழகக் கிறித்தவ இயல் துறை போன்ற இடங்களையும் பார்க்கலாம். பிள்ளை பின்னால் விரும்பும் வேலைக்கு எது ஏற்கப்படும் என்பதைச் சேருமுன்பே எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இத்தனையும் விசாரித்த பிறகும் பிள்ளையின் விருப்பம் மாறவில்லையானால், தயங்காமல் அனுப்பி வையுங்கள். அவர்கள் முதலில் படித்த நர்சிங்கோ பொறியியலோ வீணாகாது. களத்தில் இறங்கும்போது அதுவும் கைகொடுக்கும்.