அப்பிரகத் தகட்டில் தொழிலாளர்: திருச்சிராப்பள்ளியின் பெயரறியா ஓவியர்கள்

நெசவாளியைத் தறியோடும், குயவரைச் சக்கரத்தோடும், தட்டாரை உலைக்களத்தோடும் வரைந்து, அதையே தம் பிழைப்பாகக் கொண்ட ஓவியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்தனர். காக்காய்ப்பொன் என்று மக்கள் வழங்கும் அப்பிரகத் தகடே அவர்களுடைய தாள். இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அத்தகைய ஓவியங்களைப் பேணி வருகிறது. ஆயினும், ஓவியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயரே நிற்கக் காண்கிறோம்.

இக்கலை ஒரு வாழ்க்கைத் தொழிலானது எவ்வாறு? அரசவையையும் ஆலயத்தையும் நம்பியிருந்த கலைஞர்களுக்குப் பழைய புரவலர் தளர்ந்துபோயினர். நவாபு முஹம்மது அலி வாலாஜா 1795-இல் மறைந்தார். அவரது அடக்கவிடம் திருச்சி நத்ஹர் வலீ தர்காவில் உள்ளது. 1801-இல் கர்நாடகத்தின் ஆட்சியதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சென்றது. பாளையத்தில் தங்கிய ஆங்கில அதிகாரிகளே புதிய வாடிக்கையாளர் ஆயினர். ஊர்விட்டு ஊர் மாறும் அவர்களுக்குச் சுவரோவியத்தாலோ கனத்த மரப்பலகை ஓவியத்தாலோ பயனில்லை. தாம் கண்ட நாட்டைத் தாயகத்தார்க்குக் காட்ட, பெட்டியில் அடங்கும் படத்தொகுதியே வேண்டியிருந்தது.

அத்தேவைக்கு அப்பிரகம் மிகப் பொருந்தியது. அது மலிவானது, கனமற்றது, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. மூலப்படத்தை அடியில் வைத்து அதன் கோட்டின்மேல் கோடிழுத்தால் ஒரே உருவத்தைப் பன்முறை படியெடுக்கலாம். தொழிலாளரையும் அவர் மனைவியையும் இணையாக, கைக்கருவிகளோடு காட்டுவது வழக்கம். முகமும் பின்னணியும் ஓர் அட்டையில் இருக்க, தலையில்லாத உடைகள் மட்டும் வரைந்த தகடுகளை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து ஆளையே மாற்றிக் காட்டும் விளையாட்டுத் தொகுதிகளும் விற்பனையாயின. குறையும் இல்லாமல் இல்லை. தகடு வண்ணத்தை உறிஞ்சுவதில்லை. மேலே படிந்த பூச்சு நாளடைவில் செதிலாய் உதிர்கிறது.

வடநாட்டில் முர்ஷிதாபாத், பாட்னா, காசி ஆகிய நகரங்களிலும் இவ்வகை ஓவியம் செழித்திருந்தது. முஹர்ரம் ஊர்வல விளக்குகளில் வண்ணந்தீட்டிய அப்பிரகத் தகடுகளைப் பொருத்திய வழக்கத்திலிருந்தே இது கிளைத்தது என்பர் கலை வரலாற்றாளர் சிலர். தென்னாட்டுக் கம்பெனி ஓவியங்களிலும் முஹர்ரம் காட்சிகள் இடம்பெறுகின்றன. பக்கீரும் பஞ்சாவும் அவற்றில் வெறும் வேடிக்கைப் பொருளாக நின்றுவிட்டனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. வாங்குவோர் விரும்பியது மனிதரையன்று, வகையை. நெசவாளிக்கும் அப்படங்களில் பெயர் இல்லை, அவரை வரைந்தவருக்கும் இல்லை. ஏறத்தாழ 1832 முதல் 1835 வரையிலான காலத்தில், தாம் வரைந்துகொண்டிருக்கும் கோலத்திலேயே தம்மைத் தீட்டிக்கொண்ட வேலூர் எல்லப்பா அரிய விதிவிலக்கு. 2019-இல் இலண்டன் வாலஸ் மாளிகையில் தொடங்கிய கம்பெனி ஓவியக் கண்காட்சி அவரைப் பலர் அறியச் செய்தது.

1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப், திருச்சியையும் திருவரங்கத்தையும் புகைப்படம் எடுத்தார். ‘உள்ளதை உள்ளவாறு’ காட்டும் கருவி வந்தபின் தகட்டோவியத்திற்கு இருந்த மதிப்பு மெல்லக் குறைந்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் அதன் சந்தை சுருங்கிவிட்டது.

ஓவியர்க்கு வேறொரு வழி அதற்குமுன்பே திறந்திருந்தது. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி பிற்காலத்தில் பத்திரிகை ஓவியர் பலரை உருவாக்கியது. நாமக்கல்லில் பிறந்த பி.எம். சீனிவாசன் அங்குப் பயின்றவர். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காகக் கோயில்தோறும் சென்று சிற்பங்களைக் கோட்டோவியமாக்கினார். ‘சில்பி’ என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் ஓவியர் மாலி. சிற்பங்களைச் செதுக்கியோர் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவற்றை வரைந்தவரின் பெயரை வாசகர் வீடுதோறும் அறிந்திருந்தனர்.