முயற் கூடும் அதன் பராமரிப்பும்

வயல் வரப்பின் புல்லும், மரக்கறித் தோட்டத்திற் கழிக்கப்படும் இலைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதனால், கமக்காரர் வீட்டில் முயல் வளர்ப்பது எளிது. ஆயினும் பலர் முயலை முதலில் வாங்கிவிட்டுப் பின்னரே கூட்டைப் பற்றி எண்ணுகின்றனர். அகப்பட்ட பழைய பெட்டியொன்றிற் கம்பி வலையை அடித்து, அதனைச் சுவரோரம் வைத்துவிடுவர். சித்திரை வெயிலில் ஒருநாட் பிற்பகல் முயல் இறந்து கிடக்கும். நோயென்றும் நச்சுப் புல்லென்றும் காரணம் தேடப்படும். பல வேளைகளில் அதனைக் கொன்றது கூடே.

முயல் குளிரை எளிதில் தாங்கும், வெப்பத்தைத் தாங்கமாட்டாது. மனிதனைப் போல் வியர்த்து உடலைக் குளிர்விக்க அதனால் இயலாது. உடற்சூடு பெரும்பாலும் காதுகளின் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே வெளியேறும். சுற்றாடலின் வெப்பம் 30 பாகை செல்சியசைத் தாண்டும்போது முயல் துன்பப்படத் தொடங்குகின்றது. உலர் வலயத்தில் ஆண்டின் பல மாதங்களில் நண்பகல் வெப்பம் இவ்வளவை எட்டும். கடும் வெப்பத்திலிருந்து உயிர் தப்பிய ஆண் முயலும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் ஆற்றலை இழத்தலுண்டு.

ஆகையாற் கூட்டின் அழகையும் விலையையும் பார்க்குமுன் அது நிற்கப்போகும் இடத்தைப் பார்த்தல் வேண்டும். மா, பலா, வேம்பு ஆகியவற்றின் நிழல் சிறந்தது. கூட்டின் நீண்ட பக்கம் கிழக்கு மேற்காக அமையின், காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களில் மாத்திரமே விழும். கூரைக்குக் கிடுகு அல்லது பனையோலையே தகும். தகரந்தான் கிடைக்குமாயின், அதன்மேற் கிடுகு பரப்புதல் வேண்டும். வெறுந்தகரத்தின் கீழ் முயலை வைத்தல் அதனை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும். மாரியில் வாடைக் காற்றோடு வரும் சாரலைத் தடுக்கச் சாக்குத் திரை தொங்கவிடலாம். மழை விட்டதும் அதனைச் சுருட்டிவிடுதல் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியிற் கச்சான் வீசுங் காலத்தில், காற்று வரும் பக்கத்தில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டால் உட்புறம் குளிரும்.

முயல் வாயாற் பெருமூச்சு வாங்கி, வாயோரம் நனைந்து, நீட்டி நிமிர்ந்து கிடப்பின் வெப்பம் மிஞ்சிவிட்டதென அறியலாம். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, காதுகளைத் தண்ணீரால் நனைத்தல் வேண்டும். முழு உடலையும் நீரில் அமிழ்த்தலாகாது.

நடுத்தர அளவுள்ள முயலொன்றிற்கு 3 அடி நீளமும் 2 அடி அகலமும், அது பின்னங்கால்களில் எழுந்து நிற்கத்தக்க உயரமும் குறைந்த அளவாகும். இடவசதி உள்ளவர் இதனிலும் பெரிதாக அமைப்பது நன்று. குட்டி ஈனும் பெண் முயலுக்கு 4 அடி நீளமேனும் வேண்டும்.

கூட்டின் உறுப்புகளிற் பெரிதும் கவனிக்கவேண்டியது அடித்தளம். புழுக்கையும் சிறுநீரும் தங்காது கீழே விழுதல் வேண்டும். முயற் குட்டிகளை மிகுதியாக மாய்ப்பது கொக்சிடியா என்னும் நுண்ணுயிரால் வரும் கழிச்சல் நோய். புழுக்கையோடு வெளியேறும் அதன் முட்டைகள் உடனே நோயைத் தருவனவல்ல. ஈரமும் சூடும் பெற்று ஓரிரு நாட்கள் கிடந்த பின்னரே அவ்வாற்றலைப் பெறுகின்றன. தரை உலர்ந்திருந்து, நாடோறும் துப்புரவு செய்யப்படின் அந்நோய் பரவ இடமில்லை. தேங்கிய சிறுநீரின் காரநெடியோ மூக்கையும் நெஞ்சையும் பற்றும்.

அரை அங்குலக் கண்ணுள்ள தடித்த கம்பி வலை அடித்தளத்திற்கு ஏற்றது. கோழிக்கூட்டுக்கு அடிக்கும் மெல்லிய வலை பாதத்தை அறுக்கும். வலை கிடையாதவிடத்துப் பனஞ்சலாகைகளை நன்கு இழைத்து, அரை அங்குல இடைவெளி விட்டு அறையலாம். எவ்வகைத் தளமாயினும், ஒரு மூலையில் ஓரடி அகலப் பலகையொன்றை இளைப்பாற இடுதல் வேண்டும். இன்றேல் குதிகாலிற் புண் உண்டாகும். முயல் தன் மென்மையான எச்சத்தைத் திரும்ப உண்பதைக் கண்டு சிலர் அருவருப்பர். அஃது அதன் இயல்பான சீரண முறை. நேரே உடலிலிருந்தே வாயால் எடுத்துக்கொள்வதனால், வலைத்தளம் அதற்குத் தடையாகாது.

முயலின் பற்கள் ஓயாது வளர்வன. அதனாற் கூட்டின் சட்டங்களை அது கொறிக்கும். மரச்சட்டங்களின் உட்புறத்தே வலையை அடித்துவிட்டுக் கொறிப்பதற்குக் கொய்யாக் கிளையொன்றை இடலாம். உட்பக்கத்திற் பூச்சு மை பூசலாகாது.

கூடு நிலத்திலிருந்து இரண்டரை முதல் மூன்றடி உயர்ந்து நிற்றல் வேண்டும். கால்களைத் தண்ணீரும் சிறிது எண்ணெயும் விட்ட பேணிகளில் நிறுத்தாவிடின், பிறந்த குட்டிகளை எறும்பு மொய்த்துக் கொன்றுவிடும். நாய், கீரி, மரநாய், பாம்பு ஆகியவற்றிற்காக உறுதியான கொளுக்கி அவசியம்.

நாடோறும் தளத்தைக் கூட்டி, நீர்ச்சட்டியைக் கழுவுதல் வேண்டும். வாரம் ஒருமுறை முயலை வேறிடத்துக்கு மாற்றித் தளத்தைத் தேய்த்துக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலிற் காயவிடுக. கொக்சிடியா முட்டைகள் சாதாரண கிருமிகொல்லி மருந்துகளுக்கு எளிதில் அழியமாட்டா. கொதிநீரும் வெயிலும் காசின்றிக் கிடைக்கும் மருந்துகள்.

சினைக்காலம் ஏறத்தாழ 31 நாட்கள். 28ஆம் நாளில், ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமுமுள்ள பெட்டியிற் பூஞ்சணம் பிடியாத உலர்ந்த வைக்கோலை இட்டுக் கூட்டினுள் வைத்தல் வேண்டும். தாய் தன் மயிரைப் பிடுங்கி மெத்தையிடும்.

கூட்டின் கீழ் உமியோ வைக்கோலோ பரப்பி வைத்தால், விழும் புழுக்கையும் சிறுநீரும் அதில் ஊறும். அதனை அடிக்கடி வாரிக் கூட்டெருக் குழியில் இட்டு மக்கச் செய்தபின் கத்தரி, மிளகாய்ப் பாத்திகளுக்கு இடலாம். முயற் புழுக்கையில் மாட்டெருவிலும் கூடுதலான நைதரசன் உண்டு. பச்சையாக உண்ணும் கீரை வகைகளுக்கு மக்காத புழுக்கையை இடலாகாது.