வலிக்கு மருந்தும் மூளையிலே! மருந்துக்கு எதிரியும் மூளையிலே!

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் இருக்கிறது, மேலகரம். "குற்றாலக் குறவஞ்சி" பாடிய திரிகூடராசப்ப கவிராயரின் ஊர் அது.

சாரல் காலத்தில் அந்த வழியாக ஆயிரக்கணக்கான பேர் அருவிக்குப் போகிறார்கள். பேரருவியில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று குளிக்கிறார்கள். தலையில் "தடதட" என்று தண்ணீர் விழுகிறது. காலில் பாறை கீறுகிறது. ரத்தம் வருகிறது. குளிக்கிறவருக்கோ அது தெரிவதே இல்லை!

வெளியே வந்து, துண்டால் தலையைத் துவட்டும்போதுதான் காலைப் பார்க்கிறார். "ஐயோ, ரத்தம்!" என்கிறார். அதற்குப் பிறகுதான் வலிக்கத் தொடங்குகிறது.

அடிபட்டபோது வராத வலி, பார்த்த பிறகு வருவது ஏன்?

காயம் காலில், வலி மூளையில்!

காலில் காயம் பட்டதும், அந்தச் செய்தி நரம்பு வழியாக முதுகுத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகிறது. மூளை அதை வாங்கிக்கொண்ட பிறகுதான் "வலிக்கிறது" என்று மனிதன் உணர்கிறான்.

மூளை, வந்த செய்தியை எல்லாம் அப்படியே வாங்கிக்கொள்வது இல்லை. சில சமயம் முதுகுத்தண்டிலேயே அதைத் தடுத்துவிடுகிறது. மனம் வேறு ஒன்றில் லயித்திருக்கும்போது வலி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2-வது உலகப்போரில் இத்தாலிய போர்க்களத்தில் வேலை பார்த்தவர், ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க டாக்டர். பலத்த காயம் அடைந்த சிப்பாய்களிடம், "வலிக்கு மருந்து வேண்டுமா?" என்று அவர் கேட்டார். ஏறக்குறைய நான்கு பேரில் மூன்று பேர் "வேண்டாம்" என்றார்கள்! இதை 1946-ல் அவர் எழுதி வெளியிட்டார்.

வலியை அடக்கும் சக்தி உடலுக்கு உள்ளேயே இருக்கிறதா? இருக்கிறது என்றால் எங்கே?

பூட்டும் சாவியும்

குருமாவுக்கு அரைத்துவிடும் கசகசா, ஒரு செடியின் விதை. அதே செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் உறைந்தால், அபின். அபினிலிருந்து எடுக்கப்படுவது "மார்பின்" என்ற மருந்து. கடுமையான வலியை அடக்குவதில் அது பெயர் பெற்றது.

1973-ல் ஒரு புதுமையைக் கண்டுபிடித்தார்கள். மார்பின் போய்ப் பொருந்துவதற்கென்றே மூளையில் சிறுசிறு "பூட்டுகள்" இருக்கின்றன! பூட்டுக்குள் சாவி நுழைவதுபோல் மார்பின் அதில் நுழைகிறது. வலி அடங்குகிறது.

எங்கோ வயலில் விளையும் செடியின் பாலுக்கு, மனிதன் மூளையில் பூட்டு எதற்கு? அப்படியானால், அந்தப் பூட்டுக்கு உரிய சொந்தச் சாவி ஒன்று உடலிலேயே இருக்கவேண்டும் அல்லவா?

இருந்தது! ஸ்காட்லாந்து நாட்டில் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், பன்றிகளின் மூளையிலிருந்து அதைப் பிரித்து எடுத்தார்கள். ஆண்டு 1975. அதற்கு "என்கெபலின்" என்று பெயர் வைத்தார்கள். "தலைக்குள் இருப்பது" என்று அர்த்தம்.

அதாவது, ஒவ்வொருவர் மூளையிலும் ஒரு மருந்துக் கடை இருக்கிறது!

சிப்பி காட்டிய வழி

கதை இதோடு முடியவில்லை. மருந்து இருந்தால், மாற்று மருந்தும் இருக்கவேண்டுமே!

1977-ல் அமெரிக்காவில் பிரைஸ், கிரீன்பெர்க் என்ற இருவர், கடல் சிப்பியின் நரம்பிலிருந்து ஒரு பொருளை எடுத்தார்கள். சிப்பியின் இதயத்தை அது வேகமாகத் துடிக்க வைத்தது. "இதுபோன்ற பொருள் பெரிய பிராணிகளுக்கும் உண்டா?" என்று மற்ற விஞ்ஞானிகள் தேடினார்கள்.

மாட்டின் மூளையில் கிடைத்தது! 1985-ல் யாங், கோஸ்டா முதலிய அமெரிக்க விஞ்ஞானிகள் அதைப் பிரித்து எடுத்தார்கள். எட்டு மணிகளைக் கோத்த சிறு மாலை போன்றது அது. முதல் மணியும் கடைசி மணியும் ஒரே வகை. அந்த மணிக்கு விஞ்ஞானிகள் வைத்த அடையாள எழுத்து "எப்". அதனால் அந்தப் பொருளுக்கு "நியூரோபெப்டைட் எப்.எப்." என்று பெயர் வந்தது.

எலியின் வாலில் சூடு காட்டினால், எலி வாலை இழுத்துக்கொள்ளும். மார்பின் கொடுத்த எலி, அத்தனை சீக்கிரம் இழுக்காது. மார்பின் கொடுத்த எலியின் மூளைக்குள் இந்தப் பொருளைச் செலுத்தினார்கள். எலி பழையபடி வாலை வெடுக்கென்று இழுத்தது! மார்பினின் வேலையை அந்தப் பொருள் கெடுத்துவிட்டது.

ஆனால் அது முழு எதிரியும் அல்ல. அதையே முதுகுத்தண்டில் செலுத்தியபோது, மார்பினுக்குத் துணையாக நின்று வலியைக் குறைத்தது. மூளையில் எதிரி, முதுகில் நண்பன்!

வலி ஒரு காவல்காரன்

வலியை அடக்கும் பொருளோடு, அதைக் கெடுக்கும் பொருளையும் உடம்பு ஏன் வைத்திருக்கிறது? வலியே இல்லாமல் போனாலும் ஆபத்து. அதை உலகுக்கு எடுத்துக் காட்டிய ஊர்களில் ஒன்று, வேலூர்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்தவர், டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்று அவர் ஆராய்ந்தார். நோய், நரம்பைக் கெடுக்கிறது. அதனால் வலி தெரிவதில்லை. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் கை பின்வாங்குவதில்லை. காலில் முள் குத்தினாலும் அதோடு நடக்கிறார்கள். புண்ணாகி, விரல் போகிறது.

வலி ஒரு காவல்காரன். அவன் அடியோடு தூங்கிவிடக்கூடாது. ஓயாமல் கூச்சல் போடவும் கூடாது. அடக்கும் பொருளும் எழுப்பும் பொருளும் சேர்ந்து அவனை அளவோடு வைத்திருக்கின்றன.

மருந்து ஏன் போதவில்லை?

புற்றுநோய் முற்றியவருக்கு டாக்டர் மார்பின் கொடுக்கிறார். முதலில் கொஞ்சம் போதும். நாளாக ஆக, நோய் வளர்கிறது. உடம்பும் மருந்துக்குப் பழகிவிடுகிறது. அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது.

உடம்பு பழகுவதற்கு "எப்.எப்." பொருளும் ஒரு காரணம் என்று எலிகளில் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. 2006-ல் பிரான்ஸ் விஞ்ஞானிகள், அந்தப் பொருளைத் தடுக்கும் மருந்து ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தார்கள். அதோடு சேர்த்துக் கொடுத்த ஹெராயின் தன் வலி அடக்கும் சக்தியை இழக்கவில்லை.

இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. டெல்லியில் உள்ள மரபணு ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், மூளையின் "என்கெபலி"னையும் சிப்பியின் பொருளையும் ஒன்றாக இணைத்து, ஒரு புதுப் பொருள் செய்தார்கள். எலிகளில் அது வலியைக் குறைத்தது. மார்பினுக்கும் பலம் சேர்த்தது.

இவை எல்லாம் எலிகளில் நடந்த சோதனைகள். மனிதருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை.

பயம் வேண்டாம்!

ஆனால் மார்பின் இருக்கிறது. அதைக் கொடுக்கவே பல குடும்பங்கள் பயப்படுகின்றன. "அப்பா மருந்துக்கு அடிமை ஆகிவிடுவாரே!" என்று, அவர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

உடம்பு மருந்துக்குப் பழகுவது வேறு. போதைக்கு அடிமை ஆவது வேறு. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் வலிக்காகச் சாப்பிடும் புற்றுநோயாளி, போதைக்காரர் அல்ல. மலச்சிக்கல் வரலாம், அதற்கும் டாக்டர் மருந்து தருவார். தானாக அளவைக் கூட்டுவதும், திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அரசாங்க லைசென்சோடு அபின் செடி பயிராகிறது. அப்படி இருந்தும், 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் இந்திய நோயாளிகளுக்கு மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. கோழிக்கோட்டில் 1993-ல் வலி நிவாரண சங்கம் தொடங்கிய டாக்டர் ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது.

வலியை அடக்க உடம்பே வழி வைத்திருக்கிறது. அது போதாதபோது மருந்து இருக்கிறது. வீட்டில் ஒருவர் வலியால் துடித்தால், "பொறுத்துக்கொள்" என்று சொல்லவேண்டாம். டாக்டரிடம் சொல்லுங்கள்!