பற்றரியைக் குற்றஞ்சாட்டும் முன்

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் கார்களில் பல யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகின்றன. இரண்டு நாள் நிறுத்திவைத்தால் பற்றரி இறங்கிவிடுகிறது என்பது இவற்றை வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை. பெரும்பாலும் புதுப் பற்றரி வாங்கிப் போட்டுவிடுவார்கள். அது பணத்தை வீணாக்கும் வழி. பற்றரி இறங்குவது நோயின் குறி. நோய் வேறெங்கோ இருக்கலாம். பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து, வயரைக் கழற்றி ஓரிரவு தனியே வைத்துப் பாருங்கள். காலையில் வோல்ற்று மீற்றர் 12.6 அளவில் காட்டினால் பற்றரியில் பிழையில்லை. தனியே இருந்தும் இறங்கினால்தான் அதை மாற்றவேண்டும்.

பற்றரி நலமாக இருந்தால் அடுத்த சந்தேகம் மின்கசிவு. நவீன கார்களில் கம்பியூற்றர்கள் உறங்கும்போதும் 50 மில்லி அம்பியர் வரை இழுக்கலாம். இந்தப் பழைய கார்களில் அப்படி எதுவுமில்லை. எல்லாச் சுவிச்சுகளையும் அணைத்தால் மின்னோட்டம் பூச்சியமாக இருக்கவேண்டும். கதவுச் சுவிச் பழுதாகி உள்ளே எரிந்துகொண்டிருக்கும் 6 வாற் விளக்கு ஒன்றே அரை அம்பியர் இழுக்கும். 40 அம்பியர் மணி பற்றரியை அது மூன்றரை நாளுக்குள் வெறுமையாக்கிவிடும். இதைத் தேட 21 வாற் பிரேக் விளக்குப் பல்ப் ஒன்றே போதும். பற்றரியின் நிலத்தொடுப்பு வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் முனைக்கும் நடுவே பல்பை இணையுங்கள். பிரகாசமாக எரிந்தால் பெரிய கசிவு. எரியாவிட்டால் மட்டும் பல்பை எடுத்து மல்டிமீற்றரைப் போட்டுச் சிறிய கசிவை அளக்கலாம். மீற்றரை முதலிலேயே போட்டால் கூடுதல் மின்னோட்டத்தில் அதன் பியூஸ் எரிந்துபோகும். இவற்றில் பல கார்களுக்கு நேர்முனைதான் நிலத்தொடுப்பு என்பதையும் கவனிக்கவேண்டும். மற்றக் கார்களின் பழக்கத்தில் கை போனால் தவறிவிடும்.

பியூஸ்களை ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்க்கச் சொல்லும் வழக்கமான அறிவுரை இங்கே முழுதாய்ப் பலிக்காது. மொறிஸ் மைனரில் இருப்பவை இரண்டே பியூஸ்கள். முன்விளக்கும் இக்னிஷனும் அவற்றுக்குள் வராது. அதனால் பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே டைனமோவின் பெரிய முனை வயரைக் கழற்றிப் பாருங்கள். பல்ப் அணைந்தால் குற்றவாளி கொன்ட்ரோல் பெட்டியிலுள்ள கட் அவுட். டைனமோ நின்றதும் பற்றரியைப் பிரித்துவிடுவது அதன் வேலை. அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டால் பற்றரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாய்ந்து, அதைச் சூடாக்கி, சுருளையே கருக்கக்கூடும்.

இரவில் பற்றரி வயரைக் கழற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கார் காலையில் ஸ்டார்ட் ஆகும், உண்மைதான். ஆனால் துணியுறை இற்றுப்போன வயரில் கசிவு இருந்தால் அது தீப்பிடிக்கும் இடம்; பகலில் ஓடும்போதும் அந்தக் கசிவு அங்கேதான் இருக்கும். இன்னொரு கேள்வியும் நியாயமானது: கசிவே இல்லாமல் பற்றரி இறங்குகிறதே? அப்போது செலவு சரி, வரவுதான் குறைவு. டைனமோ மெதுவோட்டத்தில் ஏறக்குறைய சார்ஜ் செய்யாது. நல்லூர்த் திருவிழா நெரிசலில் ஊர்ந்து, முன்விளக்கும் புதிதாய்ப் பூட்டிய ரேடியோவும் போட்டு, சந்திக்குச் சந்தி ஸ்டார்ட்டரைத் தட்டினால் எந்தப் பற்றரியும் தாங்காது. அந்தக் காருக்குத் தேவை டைனமோ பெல்ற்றை இறுக்கி, கார்பன் பிரஷ்களைப் பார்த்து, மாதத்திற்கு ஒருமுறையாவது பருத்தித்துறை வரை நிற்காமல் ஓடுகிற ஓட்டம்.